நாற்பத்து நான்காவது வீடு

புகாலா
9 ஜூன் 1974

மகள் மிலெம்பேவுக்கு,

இதை எழுதுவது உன் அப்பா லுகெம்பே. நானேதான் எழுதுகிறேன். பருத்திச் சங்கத்துக் குமாஸ்தாவிடம் சொல்லி எழுதவில்லை. கையும் என்னுடையது, பேனாவும் என்னுடையது. இதுவரை எழுதியதற்கே ஒரு காலை முழுவதும் ஆகிவிட்டது. நடுவில் கோழி ஒன்று காகிதத்தின்மேல் ஏறி நடந்துவிட்டது. ஓரத்தில் இருக்கும் தடம் அதனுடையது, அதையும் எழுத்து என்று நினைத்துப் படிக்கப் பார்க்காதே.

சென்ற வருஷம் சங்கத்துக் கிடங்கில் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். புத்தகத்தில் முதல் பாடமே பருத்தி. நாற்பது வருஷமாகப் பருத்தி விதைக்கிறவன், பருத்தி விதைப்பது எப்படி என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொன்னால் புரியாது, நீ சின்ன வயதிலேயே படித்தவள். விதையைப் போடும் ஆழம் புத்தகத்தில் தப்பாக இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். "பெரியவரே, முதல்ல படிச்சு முடிங்க, அப்புறம் திருத்தலாம்" என்றாள். இப்போது எது கண்ணில் பட்டாலும் படிக்கிறேன். உரச்சாக்கு, தீப்பெட்டி, லாரியின் பின்பக்கம் எதையும் விடுவதில்லை. எல்லாமே இத்தனை நாளாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பதினொரு வருஷமாக உனக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று நீ கேட்கலாம். உன்னிடம் சொல்ல வேண்டியதை நான் குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டும். அவன் எழுதிக்கொண்டே தன் பெண்டாட்டியிடம் சொல்லுவான். அவள் கிணற்றடியில் சொல்லுவாள். உனக்கு வந்து சேருவதற்குள் ஊரே மென்று துப்பியிருக்கும். இனி அந்தத் தொல்லை இல்லை.

உன் அத்தை குவாந்து சுகம். கழுகுப்பாறைக்குப் பின்னால் அதே குடிசை, அதே தேன்கூடுகள், ஆடு மட்டும் மூன்றாகக் குறைந்துவிட்டது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் பாறைக்கு மேலே அவள் அடுப்புப் புகை தெரிகிறதா என்று பார்க்கிறேன். நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. வீட்டுக்கு வீடு அரை மைல், அதனால் புகை வராத வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். எழுதக் கற்றுக்கொண்டதை அவளிடம் காட்டினேன். விரல் இல்லாத கையால் என் காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்கிட்ட இருந்து பத்து விரலையும் வாங்கிட்டு மேல இருக்கிறவன் உனக்கு எழுத்து குடுத்திருக்கான். நல்ல வியாபாரிதான்" என்று சிரித்தாள்.

முக்கியமானதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கை வலிக்கிறது. அடுத்ததில் சொல்கிறேன்.

உன் அப்பா
லுகெம்பே

*

தார் எஸ் ஸலாம்
2 ஜூலை 1974

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். வீட்டில் கையெழுத்தைப் பார்த்து என் கணவர் அதுமானி, "உங்க அப்பாவா? எழுத்து ஒவ்வொண்ணும் மண்வெட்டி மாதிரி நிக்குதே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அவர் உங்களைப் பற்றி எப்போதும் குறை சொன்னதில்லை, அவரைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தும்.

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டதில் சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மா இறந்தது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் பருத்தி ஏற்றி வந்த லாரிக்காரர் சொல்லி. நடுத்தெருவில் கேட்டேன். நம் வழக்கப்படி துக்கத்துக்கு மொட்டை போட்டுக்கொள்ளக்கூட நாள் கடந்துவிட்டது. கிணற்றடியில் யார் என்ன பேசுவார்கள் என்பதற்காகவா அப்பா?

நீங்கள் வேலியோரம் நின்று சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "ரயில்காரன் பின்னாடி போறவ இந்தக் கள்ளி வேலிக்குள்ள இனிமே கால் வைக்கக் கூடாது. நீ எனக்குப் பொறந்தவளே இல்ல." மூன்று ஊர் ஆட்கள் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கதவைத் திறந்தது அத்தை ஒருத்திதான். அவள் வீட்டில் சாப்பிடக்கூடாது, தொழுநோய் ஒட்டும் என்று ஊர் சொல்லும். மருந்து சாப்பிட்டு அவளுக்கு எப்போதோ குணமாகிவிட்டது. நான் மூன்று நாள் அவள் கையால் களி சாப்பிட்டேன். என் கை இன்றைக்கும் தறியில் முடிச்சுப் போடுகிறது.

அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் உங்களிடம் கேட்கவில்லை.

மிலெம்பே

*

தார் எஸ் ஸலாம்
25 ஜூலை 1974

அப்பாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். அவசரம்.

அதுமானி நேற்று ரயிலிலிருந்து இறங்கியதும் சொன்னார். சிதறிக் கிடக்கிற வீடுகளையெல்லாம் சாலையோரத்தில் வரிசையாகச் சேர்க்கும் வேலை இந்த வருஷம் நம் பக்கத்துக்கு வருகிறதாம். ஏரி வரைக்கும் எல்லா ஜில்லாவும் என்கிறார்கள். ரேடியோவில் கேட்டால் நல்லதாகத்தான் இருக்கிறது, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், மருந்துக் கடை. ஆனால் மேற்கு ரயில் பாதையில் வேலை செய்கிற அவருடைய நண்பர், அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். லாரி வருமாம். ஒரு பாய், ஒரு பானை எடுத்துக்கொள்ள விடுவார்களாம். யாரும் திரும்பி வரக்கூடாது என்று கூரையைப் பிடுங்கிப் போடுவார்களாம்.

முதலில் பட்டியல் கேட்பார்கள் அப்பா. எந்த வீடு எங்கே, எத்தனை பேர் என்று. பட்டியலில் இல்லாத வீட்டை யாரும் தேடிப் போகவில்லை என்று அந்த நண்பர் சொல்கிறார். அத்தை வரி கட்டுகிறவள் இல்லை, சங்கத்தில் உறுப்பினர் இல்லை, பாறைக்குப் பின்னால் ஒரு குடிசை இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும். வரிசையாக வீடு கட்டி, குழாயடியில் நூறு பேருக்கு நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

யார் கேட்டாலும் அவளைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

மிலெம்பே

*

புகாலா
28 ஜூலை 1974

மகளுக்கு,

உன் ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. சில இடங்களை வேகமாகத் தாண்டலாம் என்று பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனால் தாண்ட முடியாது, ஒவ்வொன்றிலும் நின்றுதான் போக வேண்டும்.

உன் அம்மா போன அன்று மாலை குமாஸ்தா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இப்போது ஒரு நல்ல செய்தி. மழை பொய்த்ததால் இங்கே தானியம் இல்லை. காய வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வற்றலை ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறோம். சர்க்கார் மஞ்சள் சோளம் தருகிறது, கப்பலில் வந்தது. நிறத்தைப் பார்த்து மக்கள் அதற்குக் கால்பந்து அணியின் பெயரை வைத்துவிட்டார்கள். சாக்கில் இருக்கும் எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை, அது வேறு தேசத்து மொழி. போன வாரம் சலாம்பா வந்தார், பத்து வீட்டுக்கு ஒருவராகக் கட்சி வைத்திருக்கும் தலைவர்களில் நம்முடையவர். அவருக்கு எழுதத் தெரியாது, கட்டை விரலை மையில் தோய்ப்பவர். "லுகெம்பே அண்ணே, கட்சி ஆபீஸ்ல வீட்டுப் பட்டியல் கேக்கறாங்க. என் பத்து வீடு மட்டும் இல்ல, பாறைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாத்தையும் நீங்கதான் எழுதித் தரணும்" என்றார். நல்ல கோடு போட்ட தாள், எட்டுப் பக்கம் கொடுத்தார்.

எதற்கென்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. சோளத்துக்காகத்தான் இருக்கும். ஒரு வீடுகூட விடுபடக் கூடாது என்று ஆறு நாள் நடந்தேன். எழுதினேன் மிலெம்பே, எப்படி எழுதினேன் தெரியுமா. பெயர், ஆட்கள், வீடு இருக்கும் இடம். மற்ற தலைவர்கள் பெயரோடு நிறுத்திவிடுவார்களாம். நான் வழியும் எழுதினேன். நாற்பத்து மூன்று வீடு முடிந்தபோது தாளில் இடம் இருந்தது. உன் அத்தைக்கு யார் சோளம் தருவார்கள் என்று யோசித்தேன். நாற்பத்து நான்காவதாக எழுதினேன்: "மசுங்காவின் மகள் குவாந்து. ஒரு ஆள். கழுகுப்பாறைக்குப் பின்னால், தேன்கூடு தொங்கும் புளியமரத்திலிருந்து இடது கைப் பக்கம்." பட்டியலில் மிக அழகாக வந்த வரி அதுதான்.

ஒன்று மறைக்காமல் சொல்கிறேன். என் வீட்டுக்கு எதிரே பிள்ளைகள் என்று ஒரு கட்டம். உன் அண்ணன் வைரச் சுரங்கத்தில் இருந்தாலும் அவன் பெயரை எழுதினேன். உன் பெயருக்கும் பேனாவை வைத்தேன். ஆனால் வேலியோரம் சொன்ன சொல்லை நான் இன்னும் திரும்ப எடுக்கவில்லையே. சொன்ன இடத்திலேயே நின்று, வாயில் தண்ணீர் வைத்து உமிழ்ந்து, நீயும் எதிரில் இருக்கும்போதுதான் அதை எடுக்க முடியும். எடுக்காமல் எழுதினால் பொய்ப் பட்டியலாகும் என்று விட்டுவிட்டேன். வருத்தப்படாதே. வா. அதைத்தான் போன கடிதத்தில் சொல்ல நினைத்தேன். வந்து எதிரில் நில்.

அப்பா

*

புகாலா
21 ஆகஸ்ட் 1974

மிலெம்பேவுக்கு,

நீ ஜூலை 25இல் எழுதியது நேற்றுத்தான் சங்கத்துப் பெட்டியில் கிடைத்தது. தபால் பை இரண்டு வாரம் லாரி இல்லாமல் ஸ்டேஷனில் கிடந்ததாம்.

இன்று கட்சி ஆபீசுக்குப் போனேன். நடை பதினொரு மைல். அங்கே இருக்கும் அதிகாரி வேறு ஜில்லாக்காரர், மரியாதையான இளைஞர். என் பட்டியலை மேஜைமேல் வைத்திருந்தார்.

"இது நீங்க எழுதினதா? வாங்க பெரியவரே, உக்காருங்க. இந்த மாதிரி எல்லாரும் எழுதிக் குடுத்தா எங்க வேலை பாதியாயிடும்" என்றார்.

"கடைசி வரி தப்பு ஐயா. அடிச்சிடுங்க."

"ஏன், அந்த வீடு இல்லையா?"

"இருக்கு."

"ஆள் இல்லையா?"

"இருக்கா."

"அப்புறம் என்ன தப்பு?"

எனக்குப் பதில் வரவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் எழுதிய தாள் எதிரே இருக்கும்போது, எழுதியதை இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு அது அப்போது தெரியவில்லை. அவர் எனக்கு இன்னும் பத்துத் தாள் கொடுத்தார், நல்ல கையெழுத்துக்குப் பரிசாம். அதில் ஒன்றில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா

*

உமோஜா புதுக் கிராமம்
6 அக்டோபர் 1974

மகளுக்கு,

விலாசம் மாறிவிட்டது. பெட்டி எண் அதுதான்.

செப்டம்பர் 24ஆம் தேதி காலை ஏழு லாரி வந்தன. எல்லோரையும் சங்கத்துக் கிடங்கு முன்னால் கூட்டினார்கள். ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர் லாரியின் மேல் ஏறி நின்று பட்டியலைப் படித்தார். முதல் வீடு, இரண்டாவது வீடு. அது என் எழுத்து. அவர் ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நான் எழுதியதை, எனக்குத் தெரியாத ஒரு மனிதர், சீருடை போட்டவர், தண்ணீர் குடிப்பதுபோல் படிக்கிறார். என்னை நீ எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள், உண்மையைச் சொல்கிறேன். பத்தாவது வீடு வரைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோராவது சலாம்பாவின் மச்சினன் வீடு. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஒளிந்திருந்தார்கள். வழி எழுதியிருந்ததால் அரை மணியில் கூட்டிவந்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் என்னைத் தாண்டும்போது, "எழுத்துக்காரரே, எங்க நாய் பேரையும் எழுதியிருக்கலாமே, அது மட்டும் தப்பிச்சிருச்சு" என்றாள்.

உன் அத்தையை மத்தியானம் கொண்டுவந்தார்கள். புளியமரத்திலிருந்து இடது கைப் பக்கம் என்று சத்தமாகப் படித்துக்கொண்டே போனார்களாம். ஒரு ஆடும் ஒரு பானையும் எடுத்துவர விட்டார்கள். "எனக்கு யார் வழி சொன்னது?" என்று கேட்டாள். படைக்காரர் விஷமம் இல்லாமல்தான் சொன்னார், "இந்தப் பெரியவர் எழுதினதும்மா." அவள் தாளைக் கேட்டு வாங்கினாள்.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

காட்டினேன். அவள் அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அழகா எழுதியிருக்கே" என்றாள். பிறகு தானே லாரிப் பக்கம் நடந்தாள். யாரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. நான் ஏற்றிவிட்டேன்.

பின்னால் கூரைகள் விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. நம் கள்ளி வேலியின்மேல் லாரி பின்னுக்கு வந்து திரும்பியதில் வேலி படுத்துவிட்டது.

இங்கே வெட்டவெளி. கயிறு பிடித்து முளையடித்து வரிசை வரிசையாக எண் போட்ட மனைகள். வீடு இனிமேல்தான் கட்ட வேண்டும், இப்போது கிளை வளைத்துப் புல் போட்டுப் படுத்திருக்கிறோம். பட்டியல் வரிசைப்படியே மனை. அவளுக்கு 44. அடுத்த ஊர்க்காரர்களுக்கு 45. அவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டு முளையைப் பிடுங்கித் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். 43ம் காலி. குழாயடியில் அவள் குடத்தைக் காலால் நகர்த்துகிறார்கள். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன்.

இருநூறு வீட்டுப் புகை ஒன்றாக எழும்புகிறது. எது யாருடையது என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை.

அப்பா

*

தார் எஸ் ஸலாம்
27 அக்டோபர் 1974

அப்பாவுக்கு,

அழகாக எழுதியிருக்கிறாய் என்று அத்தை சொன்னாளாம். அதை நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்தபின் கடிதத்தை அதுமானியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பெற்ற மகள் பெயரை எழுதக் கை வரவில்லை. ஒளிந்து பிழைத்தவள் பெயரை வழியோடு எழுதக் கை வந்தது. இரண்டும் ஒரே தாளில். நான் இதைக் கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் கோபம் தீர்ந்த பிறகும் இதைத்தான் எழுதுவேன்.

இங்கேயும் கடையில் மஞ்சள் மாவுக்கு வரிசை. ஆலையில் விடுமுறை கிடையாது, பொங்கிப் பேசினால் வேலையே கிடையாது. சின்னவனுக்கு அம்மை. என்னால் இங்கிருந்து என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். உங்களுக்குக் கடிதம் எழுதத்தான் முடியும். நான் எழுதியது உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

அத்தையைத் தனியாக விடாதீர்கள்.

மிலெம்பே

*

உமோஜா
24 நவம்பர் 1974

மகளுக்கு,

நீ எழுதியதில் ஒன்றும் தப்பில்லை. இப்போது நான் சொல்வதைப் படித்ததும் இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

இந்த மாதம் ஐந்தாம் தேதி பகலில் பெரிய கூட்டம். எல்லோரும் கொடிக்கம்பத்தடியில் இருந்தபோது உன் அத்தை ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். ஏழு மைல். இங்கே நிலம் தட்டையானது, கழுகுப்பாறை நன்றாகத் தெரியும். மறுநாள் காலையில் பாறைக்கு மேலே நூல்போல் ஒரு புகை. எனக்கு மட்டும்தான் அது யாருடையது என்று தெரியும்.

அடுத்த வாரம் கிராமப் பதிவேடு எழுத வேண்டும் என்று அதே அதிகாரி என்னைத்தான் கூப்பிட்டார். "நாற்பத்து நாலு எங்க?" என்றார். ஓடிப்போனவர்களைத் திரும்ப ஏற்றிவர லாரி நிற்கிறது. இந்தத் தடவை எனக்குப் பதில் வந்தது. "போயிட்டா ஐயா. காய்ச்சல்." அவர் பேனாவை என் கையில் கொடுத்தார். குவாந்து என்ற பெயருக்கு எதிரே "இறந்தார்" என்று எழுதினேன். நான் எழுதிய முதல் பொய். எழுத்து மற்றதைப் போலவே வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. உயிரோடு இருப்பவரை இறந்தார் என்று வாயால்கூடச் சொல்லாத ஜனம் நாம்.

பழைய குதிரில் விட்டுவந்த கிழங்கு வற்றலை எடுத்துவருகிறேன் என்று அனுமதி வாங்கி இரண்டு தடவை அவளிடம் போய்வந்தேன். குடிசைக்குக் கூரை இல்லை. பாறை இடுக்கில் மாட்டுத்தோல் கட்டி அதற்குள் இருக்கிறாள். பதிவேட்டுச் சங்கதியைச் சொன்னேன். தயங்கித்தான் சொன்னேன்.

"அப்ப எனக்கு மொட்டை போட்டுக்கிட்டியா?"

"இல்லக்கா."

"செத்தவங்களுக்குச் சோளக் கள்ளு ஊத்துவாங்களே, அது எங்க?"

"கள்ளுக்குச் சோளம் எங்கக்கா இருக்கு?"

"இந்த வருஷம் சாகறது கூட நஷ்டம்தான்" என்று சிரித்தாள். இருமலும் வந்தது.

இறந்தவர்களுக்குச் சோளப் பங்கு இல்லை. எழுதும்போது அதை நான் யோசிக்கவில்லை. என் பங்கில் பாதியைக் கொண்டுபோகிறேன். "நீ அடிக்கடி வராதே, உன்னைப் பின்தொடர்ந்து வருவாங்க. காலையில புகை போடுறேன், பாத்துக்கோ" என்றாள்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

*

தார் எஸ் ஸலாம்
11 டிசம்பர் 1974

அப்பாவுக்கு,

அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் மூன்று தடவை படித்தேன். அத்தை கள்ளுக் கேட்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஆலைச் சங்கு ஊதும்வரைக்கும் அழுகை நிற்கவில்லை.

சின்னவனுக்குக் குணமாகிவிட்டது. மேஸ்திரியிடம் பொய் சொன்னேன், அப்பா இறந்துவிட்டார் என்று. மன்னியுங்கள். பொய்யில் நான் உங்கள் மகள்தான் போலிருக்கிறது. பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 27 ரயிலில் ஏறுகிறேன், முப்பதாம் தேதி காலை ஷின்யாங்காவில் இறங்கிப் பஸ் பிடிப்பேன். மாத்திரை, கம்பளி, நல்ல வெள்ளை மாவு ஐந்து கிலோ கொண்டுவருகிறேன்.

வேலி படுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எந்த வேலிக்குள் நான் வரக்கூடாதோ அந்த வேலி இப்போது இல்லை. வருகிறேன்.

மிலெம்பே

*

உமோஜா
28 டிசம்பர் 1974

மிலெம்பேவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் நிற்கும் முனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் கபுலாவிடம் சங்கத்து டிரைவர் மூலம் கொடுத்தனுப்புகிறேன். நீ இறங்கியதும் உன் கையில் தருவாள். அங்கேயே உட்கார்ந்து படி.

24, 25, 26, 27, இன்று. ஐந்து காலையாகப் பாறைக்கு மேலே புகை இல்லை.

முதல் நாள் மழை தூறியது, விறகு நனைந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கிளம்பிவிட்டேன். பாறைக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் காவல் போட்டிருக்கிறார்கள். பழைய இடங்களுக்கு யாரும் போகக்கூடாது என்று புது உத்தரவு. எழுதிய அனுமதி வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து விண்ணப்பம் எழுதினேன். எங்கே போக வேண்டும் என்ற கட்டத்தில் கழுகுப்பாறை என்று எழுதினேன். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. காலியாகவே கொண்டுபோனேன்.

"பெரியவரே, அங்க யார் இருக்காங்க?" என்றார் அதிகாரி.

"எங்க அக்கா."

அவர் எழுந்து பதிவேட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"அது பொய்யா எழுதினது ஐயா. அவ உயிரோட இருக்கா. என்னை என்ன வேணா பண்ணுங்க. லாரி அனுப்புங்க, அவளைக் கூட்டிட்டு வாங்க." எந்த லாரிக்குப் பயந்து அப்படி எழுதினேனோ, அந்த லாரியையே கெஞ்சிக் கேட்டேன் மகளே.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் தோளில் கை வைத்தார். "அக்கா போன துக்கம், மனசு இப்படித்தான் சொல்லும். எங்க அம்மா போனப்ப நானும் ரெண்டு மாசம் வாசலைப் பாத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

நேற்று அனுமதி இல்லாமலே போய்ப் பார்த்தேன். பாலத்தில் என் கைத்தடியை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடி இல்லாமல் முழங்கால் நிற்காது. வேறு யாரையாவது அனுப்பலாம் என்றால், காவலுக்குப் பயந்தவர்கள் பாதி, அவள் கைக்குப் பயந்தவர்கள் பாதி.

என்னால் எழுத மட்டும்தான் முடிகிறது. இந்த ஊரிலேயே நன்றாக எழுதுகிறவன் நான்தான் என்று இப்போதும் சொல்கிறார்கள்.

அதனால் நீ கேள். நேராக என்னிடம் வராதே. பஸ் முனையிலிருந்து புதுக் கிராமம் வலது பக்கம், காவல் அந்தப் பாதையில்தான். நீ இடது பக்கம் ஆற்றுமணலில் இறங்கு. நாலு மைல். பாறையின் பின்பக்கம் கொண்டுபோய்விடும், பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீ போன வழிதான். புளியமரம் நிற்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும்.

யாராவது நிறுத்தினால் ஆலை அட்டையைக் காட்டு. பட்டியலைப் பிரித்துத் தேடட்டும். எட்டுப் பக்கத்திலும் தேடட்டும், பதிவேட்டிலும் தேடட்டும். இந்த ஜில்லாவில் உன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. நான் எழுதாமல் விட்ட ஒரே பெயர் உன்னுடையது. அதனால் உன்னைத் திருப்பி அனுப்ப இங்கே யாருக்கும் வழியில்லை.

முப்பதாம் தேதி மத்தியானத்திலிருந்து மனை 44இல் நின்றுகொண்டிருப்பேன். அங்கிருந்து பாறை முழுவதும் தெரியும், நடுவில் வீடுகள் இல்லை. போனதும் அவளைப் பார். உட்கார்ந்திருந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி, எப்படி இருந்தாலும் சரி, முதலில் அடுப்பைப் பற்ற வை.

அப்பா